ஊரைத் தேய்க்கும் பி பட்டன்

அனிமல் கிராஸிங் ஆடுகிறவர்களிடம் இந்த கேமில் யார் வில்லன் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் டாம் நூக் என்பார்கள். வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு கடனை நம் தலையில் ஏற்றும் அந்த ரக்கூன் முதலாளிதான். எனக்கு அவர்மேல் பெரிய கோபமெல்லாம் இல்லை. வட்டி கேட்க மாட்டார், கெடு வைக்க மாட்டார், ஆள் அனுப்ப மாட்டார். நிஜத்தில் அப்படி ஒருவர் வீட்டுக்கடன் கொடுத்தால் நாளைக்கே போய் வரிசையில் நிற்பேன். என் கணக்கில் வில்லன் பி பட்டன். அதை அழுத்திப் பிடித்தால் நம் ஆள் ஓடுவான். அவன் ஓட ஓட ஊரில் புல் தேயும்.

கேமைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மிருகங்கள் குடியிருக்கும் சின்ன ஊர். அதில் நீங்கள் ஒருவர்தான் மனிதர், அல்லது உங்கள் வீட்டிலிருந்து ஆடும் நாலு பேர். மீன் பிடிக்கலாம், பழம் பறிக்கலாம், பக்கத்து வீட்டு வாத்தோடு அரட்டை அடிக்கலாம். வெளியே மணி என்னவோ அதுதான் ஊருக்குள்ளும் மணி. ஜெயிப்பது, தோற்பது எதுவும் கிடையாது. முதல் கேம் 2001ல் ஜப்பானில் நிண்டெண்டோ 64 கருவிக்கு வந்தது. அதற்கு யோசனை சொன்ன கட்சுயா எகுச்சி, சீபாவில் வளர்ந்து வேலைக்காக கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்தவர். சொந்தபந்தமும் சிநேகிதர்களும் பக்கத்தில் இல்லாத ஏக்கத்தில் பிறந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில் ஆடினாலும் எல்லோருக்கும் ஒரே ஊர் என்பது ஆரம்பத்திலிருந்தே இந்த கேமின் அடிப்படை. புல் விஷயத்துக்கு இது முக்கியம், பிறகு வருகிறேன்.

இதே வரிசையில் 2005ல் வந்த வைல்ட் வேர்ல்டு வரை புல்லைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. எவ்வளவு ஓடினாலும் அது பாட்டுக்குப் பச்சையாக இருந்தது. 2008ல் வீ கருவிக்கு சிட்டி ஃபோக் வந்தது, சங்கடமும் கூடவே வந்தது. நடக்கும் இடத்தில் புல் தேயும். ஓடினால் இன்னும் வேகமாகத் தேயும். முதலில் புல்தரையின் கோலம் மட்டும் மங்கும். அப்புறம் ஓரம் பிசிறு பிசிறாக உடைந்து மண் எட்டிப் பார்க்கும். இரண்டு திட்டுகள் கை கோத்துக்கொள்ளும். ஒரு நாள் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தால் வாசலிலிருந்து கடைவரை ஒரே செம்மண் வாய்க்கால். பள்ளி மைதானத்தில் பிட்ச் இருக்கிற பட்டை மட்டும் மொட்டையாகத் தெரியுமே, அந்த மாதிரி. பனிக்காலத்தில் இன்னும் மோசம்: ஊரெல்லாம் வெள்ளை, நம் தடம் மட்டும் பழுப்பு.

தேய்வதைவிட எரிச்சலான விஷயம், அது திரும்பி வரும் வேகம். கடையில் பூ விதை உண்டு, மரக்கன்று உண்டு. புல் விதை என்று ஒன்று கிடையவே கிடையாது. காசு கொடுத்துச் சரி செய்ய வழியில்லாத ஒரே சேதம் இதுதான். காத்திருக்க வேண்டும். அதுவும் சிட்டி ஃபோக்கில் மண்ணான இடம் பச்சையாவதற்குள் நமக்கு அந்த ஊரே அலுத்துவிடும். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்கள் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தெரிந்த ஒருவர் வீட்டிலிருந்து ஆற்றோரமாக ஒரே தடத்தில், அடிமேல் அடி வைத்து, பட்டனைத் தொடாமல் நடப்பார். மீன் பிடிக்க ஆறடி விலகினாலும் வந்த வழியே திரும்புவார். பார்த்தால் ஏதோ வேண்டுதல் என்றே தோன்றும்.

2012ல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு மற்ற நாடுகளிலும் 3டிஎஸ் கருவிக்கு நியூ லீஃப் வந்தபோது நிண்டெண்டோ கொஞ்சம் இரங்கியது. புல் தேயும், ஆனால் மெதுவாக. திரும்பியும் வரும், முன்பைவிடச் சீக்கிரமாக. இதில் நாம் வெறும் குடியிருப்பவர் இல்லை, மேயர். பாலம் கட்டலாம், பெஞ்சு போடலாம், விளக்குக் கம்பம் நடலாம். நான் அதிகம் ஆடியது இதைத்தான் என்பதால் இனி சொல்லப்போவது பெரும்பாலும் நியூ லீஃப் கணக்கு.

‘ஓடாதே, நட’ என்று எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை சரியானதுதான், ஆனால் கடைப்பிடிக்க முடியாதது. கையில் பட்டன் இருக்கிறது, ஊர் பெரிதாக இருக்கிறது, ராத்திரி கடை மூடப் போகிறது, எவன் நடப்பான்? நடந்தால் வேறு லாபங்களும் உண்டு என்பது உண்மை. ஓட்டத்துக்கு மீன் கலையும், பூச்சி பறக்கும், பூ நசுங்கிக் காணாமல் போகும். அப்படியும் கை தானாகப் போய் பட்டனை அழுத்தும். ஆகவே கையைத் திருத்துவதை விட்டுவிட்டு ஊரைத் திருத்துவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. புல் எங்கே தேய்கிறது? ஒரே இரண்டு இடங்களுக்கு நடுவே திரும்பத் திரும்பப் போகிற வழியில். அந்த இரண்டு இடங்களையும் நெருக்கமாக்கினால் பாதி வேலை முடிந்தது.

பழத்தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தை உலுக்கினால் மூன்று பழம் விழும். மூன்று நாளில் மறுபடி காய்க்கும். வெளியூர்ப் பழம் என்றால் ரீ-டெயில் கடையில் ஒன்றுக்கு 500 பெல்ஸ் கிடைக்கும்; பெல்ஸ்தான் ஊர்க் காசு. அதனால் எல்லோரும் தோட்டம் போடுகிறோம். எங்கே போடுகிறோம்? பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு அழகாக. ரீ-டெயில் ஊரின் மறுகோடியில் இருக்கும். சிட்டி ஃபோக்கில் சட்டைப்பைக்கு 15 இடம், ஒரு இடத்துக்கு ஒரு பழம். 144 பழம் விற்கப் பத்து நடை. பத்து நடையும் ஓட்டம். நியூ லீஃபில் ஒரே ஜாதிப் பழங்களை ஒன்பது ஒன்பதாகச் சேர்த்துக் கூடையாக்கலாம். சட்டைப்பையில் 16 இடம். அதே 144 பழம் ஒரே நடையில் போய்விடும், 72,000 பெல்ஸும் கைக்கு வரும். புல்லைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு இந்தப் பழக்கூடைக்குத்தான் என்பேன். அதை யாரும் அப்படிப் பேசுவதில்லை. தோட்டத்தையும் ரீ-டெயிலுக்குப் பக்கவாட்டிலேயே போட்டுவிட்டால் தேய்வது அந்தப் பத்துக் கட்டத்தோடு நின்றுவிடும்.

அடுத்தது தீவு. ராத்திரியில் பனைமரங்களில் வந்து உட்காரும் வண்டுகளைப் பிடிக்க 1,000 பெல்ஸ் கொடுத்துத் தோணியில் போகிறோம். தங்க வண்டு ஒன்று சிக்கினால் 12,000. முன்பெல்லாம் சொந்த ஊரிலேயே விடிய விடிய வலையோடு அலைந்த அலைச்சல் இப்போது தீவுக்குப் போய்விட்டதால் ஊர்ப்புல் பிழைத்தது என்று நினைப்போம். பாதிதான் சரி. தீவில் பிடித்ததைச் சட்டைப்பையில் கொண்டுவர முடியாது. அங்கே இருக்கும் பெட்டியில் 40 உருப்படி போட்டு வைத்தால், ஊர்த் தோணித்துறையில் அந்தப் பெட்டி வந்து நிற்கும். 40 வண்டு, பையில் 16 இடம். தோணித்துறைக்கும் ரீ-டெயிலுக்கும் மூன்று தரம் போய்வர வேண்டும், தினமும். ஊரின் மற்ற பாகமெல்லாம் பச்சையாக இருந்து இந்த ஒரு பட்டை மட்டும் மொட்டையாக இருந்தால் அங்கே ஒரு வண்டு வியாபாரி குடியிருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பாலமும் அப்படித்தான். ஊருக்கு மூன்று பாலம்தான் அனுமதி. ஆற்றைக் கடக்க எல்லா வழியும் அந்த மூன்று வாயில் வந்து குவிவதால், பாலத்தின் இரண்டு முனையிலும் புல் முதலில் போகும். படத்தில் பார்க்க லட்சணமாக இருக்கிறதென்று ஒரு மூலையில் கட்டுவதைவிட, நீங்கள் தினமும் குறுக்கே போக நினைத்து முனகுகிற இடத்தில் கட்டுங்கள்.

பூ நடுவது பழைய வைத்தியம். மொட்டையான இடத்தில் பூ வைத்தால் புல் சீக்கிரம் வரும் என்று சிட்டி ஃபோக் காலத்திலிருந்தே ஆட்டக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். அந்தச் சத்தியம் எப்படியோ, பூ வைத்தால் நாம் அங்கே ஓட மாட்டோம். பூவை நசுக்க யாருக்கும் மனசு வராது, அதிலும் கலப்பினம் செய்து எடுத்த நீல ரோஜாவாக இருந்தால். எனக்குத் தெரிந்தவரை புல்லுக்கு இதைவிடக் கெட்டியான வேலி இல்லை. புதர்ச்செடி வரிசையாக வைத்தாலும் சரி, வழி அடைபட்டுவிடும். ஆனால் எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டால் ஒரு திறந்த இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுவோம், அந்த இடுக்கு ஒரே மாதத்தில் மண். மூன்று இடுக்காவது விடுங்கள்.

கடைசியாக, எல்லோரும் போய்ச் சேரும் இடம்: பாதை போடுவது. மேயராக இருந்தும் நியூ லீஃபில் சாலை போட அதிகாரம் கிடையாது என்பது ஒரு வேடிக்கை. மேயரின் உதவியாளர் இசபெல் எல்லாத்துக்கும் தலையாட்டுவாள். கல்பாதை வேண்டும் என்றால் அவள் பட்டியலிலேயே இருக்காது. எனவே ஆட்டக்காரர்கள் சட்டைத்துணிக்கு வரையும் டிசைனை எடுத்துத் தரையில் பரப்பினார்கள். 32க்கு 32 புள்ளி கொண்ட சதுரம், 15 நிறம். அதற்குள் செங்கல், கூழாங்கல், மரப்பலகை, நடுவில் ஒரு வாடிய இலை என்று வரைந்து தள்ளியவர்களின் கைத்திறமை சாதாரணமில்லை. ஒரு ஆளுக்குப் பத்து டிசைன்தான் வைத்துக்கொள்ள முடியும். ஒழுங்கான பாதைக்கு நடு, நாலு ஓரம், நாலு மூலை, உள்மூலை என்று பன்னிரண்டுக்கு மேல் தேவை. ஆகவே ஊரில் இன்னொரு ஆளைக் குடியேற்றுவது வழக்கம். அந்த ஆளுக்கு வீட்டில் ஒரு நாற்காலிகூட இருக்காது. அவன் பிறந்ததே பாதையின் ஓரத்தைச் சுமப்பதற்குத்தான். என் ஊரில் அப்படி ஒருவன் இருந்தான். அவனுக்கும் நூக் கடன் இருந்தது, கடைசிவரை கட்டவில்லை.

இந்த டிசைன்களை வாங்குவதற்கே ஒரு தவம் வேண்டும். ஏபிள் சகோதரிகளின் துணிக்கடையில் மூலையில் தைத்துக்கொண்டே இருக்கும் ஸேபிள் ரொம்பக் கூச்ச சுபாவம். தினமும் போய் இரண்டு வார்த்தை பேசிப் பேசி அவள் மனம் இளகின பிறகுதான் க்யூஆர் படிக்கும் தையல் இயந்திரத்தைத் தொட விடுவாள். அப்படி வாங்கிய பாதைக்கும் ஒரு குறை. ஓரத்தில் புல் நிறத்தை வரைந்திருப்பார்கள். சித்திரையில் பச்சை ஒரு மாதிரி, புரட்டாசியில் வேறு மாதிரி, மார்கழியில் எல்லாம் வெள்ளை. ஓரம் மட்டும் பழைய பச்சையில் நின்று பல்லிளிக்கும். பருவத்துக்கு ஒரு தொகுப்பு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பரப்புகிறவர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகவில்லை. பாதையின் பயன் அழகைவிடப் பழக்கத்தில் இருக்கிறது: ஒரு கோடு போட்டுவிட்டால் கால் அந்தக் கோட்டிலேயே போகிறது, பக்கத்துப் புல்லுக்கு விடுமுறை கிடைக்கிறது.

நம் காலைத் திருத்தினாலும் விருந்தாளியின் காலை என்ன செய்வது? அக்கா மகன் தன் 3டிஎஸ்ஸோடு வந்து என் ஊருக்குள் நுழைந்த நாள் நினைவிருக்கிறது. ரயில் நிலையத்தை விட்டு இறங்கினதுமே ஓட்டம்.

“டேய், மெதுவா நட.”

“ஏன் மாமா? பாட்டரி தீருமா?”

“புல்லு போயிடும்டா.”

“போனா என்ன மாமா, கேம்தானே.”

அதற்குள் நாலு பூ காலி. ஆனாலும் அவன் கேட்டது நியாயமான கேள்வி. கேம்தானே. புல் போனால் காசு குறையாது, வீடு இடியாது. அப்புறம் ஏன் ஊர் உலகத்தில் இத்தனை பேர் இதற்காக மல்லுக்கட்டினார்கள்?

இந்த கேம் செய்யப்பட்ட கியோட்டோவிலேயே ஒரு பதில் தரையில் கிடக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே சைஹோஜி என்ற கோயில், பாசித் தோட்டத்துக்குப் பேர்போனது. சுமார் 120 வகைப் பாசி இருப்பதாகச் சொல்வார்கள். கூட்டம் மிதித்துத் தாங்காமல் 1977 முதல் முன்கூட்டியே அனுமதி வாங்கியவர்களை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். தேநீர்க் குடில்களுக்குப் போகும் தோட்டங்களிலும் தரையில் தட்டைக் கற்களை எட்டு வைக்கிற தூரத்தில் பதித்திருப்பார்கள். கால் கல்லில் விழும், பாசியில் விழாது. வேகமாகப் போகவும் முடியாது; கல்லைப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். போகக் கூடாத வழியென்றால் ஒரு சின்ன உருண்டைக் கல்லைக் கறுப்புக் கயிற்றால் சிலுவையாகக் கட்டி அந்தப் படிக்கல்மேல் வைத்துவிடுவார்கள். பலகை கிடையாது, காவலாளி கிடையாது. தாண்டிப் போக ஒரு நொடி ஆகாது, ஆனால் யாரும் தாண்ட மாட்டார்கள். நீல ரோஜாவை வைத்து நாம் செய்ததும் இதேதான். நிண்டெண்டோக்காரர்கள் அந்தத் தோட்டத்தைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தரை மிதிபடும், மிதித்தவன் அதைக் கவனிக்க வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிய எண்ணமாக இருந்திருக்காது.

நிஜப் புல்லும் இப்படித்தான் சாகிறது. மிதிக்கும்போது இலை நசுங்குவது சின்ன விஷயம், அது வளர்ந்துவிடும். அடியில் மண் இறுகுவதுதான் ஆபத்து. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று வெளியேறிவிடும், தண்ணீர் இறங்காது, வேர் மூச்சுத் திணறும். விம்பிள்டனில் 2001 முதல் மிதி தாங்கும் ரைகிராஸ் ஒன்றைத்தான் முழுக்க வளர்க்கிறார்கள், 8 மில்லிமீட்டருக்கு வெட்டி வைக்கிறார்கள். அவ்வளவு செய்தும் இரண்டாம் வாரத்தில் பேஸ்லைன் மண்ணாகிவிடுகிறது. யார் எங்கே நின்று ஆடினார்கள் என்பதை அந்த மண்ணே காட்டிவிடும். அக்கா மகனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் ஏறக்குறைய இதுதான். கேமில் மற்ற எல்லாம் நாம் வேண்டுமென்று வைப்பது. தடம் மட்டும் நாம் நினைக்காமலே விழுவது. நாலு பேர் ஆடும் வீட்டில் அப்பா ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து எந்தப் பக்கம் மீன் பிடித்தார் என்பது ஆற்றங்கரைப் புல்லில் தெரியும்.

2020ல் நியூ ஹொரைசன்ஸ் வந்தது. ஊரடங்கில் உலகமே உள்ளே உட்கார்ந்து ஆடியது. அதில் புல் தேய்வதில்லை. எத்தனை வருஷம் ஓடினாலும் தரை அசையாது. பூவின் மேல் ஓடினால்கூட இதழ்தான் உதிரும், செடி நிற்கும். பாடகர் கே.கே. ஸ்லைடரின் கச்சேரி முடிந்ததும் சாலை போடும் உரிமமும் கிடைத்துவிடுகிறது. மண்பாதை, செங்கல், கல்தளம், எது வேண்டுமானாலும். எல்லோருக்கும் நிம்மதிதான். ஆனால் அந்த நிம்மதியில் நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதிய டிசைன் கருவியில் ஒளிபுகும் நிறம் ஒன்று கொடுத்திருந்தார்கள். நியூ லீஃபில் ஓரம் பல்லிளித்த குறை அதோடு தீர்ந்தது. அதை வைத்து உட்கார்ந்து, பிசிறு பிசிறான ஓரத்தோடு, ஆங்காங்கே மண் எட்டிப் பார்க்க, நடந்து நடந்து தேய்ந்தது போன்ற ஒற்றையடிப் பாதைகளை வரைந்து தீவு முழுக்கப் பரப்பினார்கள். அந்தக் கேமில் மிக அதிகமாகப் பயன்பட்ட டிசைன்களில் இந்த வகை மண்பாதையும் ஒன்று. சிட்டி ஃபோக்கில் சும்மா கிடைத்தபோது தலையில் அடித்துக்கொண்டவர்கள்தான், இங்கே கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதைகள் எங்கும் வளையக் கூடாத இடத்தில் வளையும். எந்த மனிதனும் கடைக்கு அப்படிச் சுற்றிக்கொண்டு போக மாட்டான்.

அதனாலோ என்னவோ சில வருஷம் கழித்து நான் மறுபடி நியூ லீஃபுக்கே திரும்பினேன். 3டிஎஸ்ஸின் இணைய சேவையை 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள், ஆன்லைன் கடை அதற்கு முன்பே மூடியாயிற்று. ஆகவே செகண்ட் ஹாண்டில் ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். ஊர் கார்ட்ரிட்ஜிலேயே சேமிப்பாகும் என்பதால் விற்றவருடைய ஊர் உள்ளே அப்படியே இருந்தது. முந்தின வாரம்வரை ஆடியிருக்கிறார் போல, களை அதிகமில்லை. புதிய குடியாளாக உள்ளே போய்ச் சுற்றினேன். தோணித்துறையிலிருந்து ரீ-டெயில்வரை அகலமாக மண்; வண்டு வியாபாரிதான், சந்தேகமே இல்லை. பழத்தோட்டம் பக்கம் புல் கனமாக இருந்தது. மேயர் வீட்டிலிருந்து வடக்கே ஒரு மெல்லிய தடம் போய், பாலத்தைத் தாண்டாமல், ஒரு கிழட்டுச் சோம்பேறி ஆட்டின் வீட்டு வாசலில் முடிந்தது. அந்த ஆட்டிடம் விற்கவோ வாங்கவோ எதுவும் கிடையாது.

கொஞ்ச நாள் அந்த ஊரில் இருந்தேன், மேயர் இல்லாமல் பாலம்கூடக் கட்ட முடியாது என்பதால் கடைசியில் அதை நூக்கிடமே விற்றேன். 2016 அப்டேட்டில் அந்த வசதி வந்தது: பழைய ஊரை மதிப்புப் போட்டு எடுத்துக்கொண்டு பெல்ஸ் கொடுப்பார், புதிய ஊரைத் தொடங்கலாம். தொடக்கத்தில் ரயிலில் எதிரே வந்து உட்காரும் ரோவர் என்ற பூனை நாலு வரைபடம் காட்டி இதில் எது உங்கள் ஊர் என்று கேட்கும். புல்லில் அக்கறை உள்ளவர்கள் இங்கே அவசரப்படக் கூடாது. ஆற்றின் வளைவு, குளம், அருவி எதையும் பார்க்காதீர்கள். ரீ-டெயில் எங்கே, தோணித்துறை எங்கே, நடுவே ஆறு குறுக்கிடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் வேறு நாலு படம் வரும். அப்படி அணைத்து அணைத்து ஒரு ஊரைப் பிடித்தேன். ரீ-டெயிலிலிருந்து இறங்கினால் தோணித்துறை, நடுவே பழத்தோட்டத்துக்கு இடம். ரயில் நிலையம் மட்டும் எதிர்க்கோடியில். அக்கா மகன் வந்தால் அவ்வளவு தூரம் ஓடித்தான் வருவான். நிலையத்து வாசலிலிருந்தே இரண்டு பக்கமும் பூ நட ஆரம்பித்திருக்கிறேன்.